ஒரு ரீம் காகிதம்

ஸ்டேஷனரி கடையில் ‘ஒரு ரீம்’ என்று கேட்டால் 500 தாள் கொண்ட கட்டு கைக்கு வரும். ‘ரீம்’ என்பது ஆங்கிலத்திலிருந்து வந்தாலும் பிறப்பால் ஆங்கிலச் சொல் அல்ல. அரபியில் கட்டு, மூட்டை என்று பொருள்படும் ‘ரிஸ்மா’, ஸ்பானிய மொழியில் ‘ரெஸ்மா’ ஆகி, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு நம் கடைத்தெருவுக்கு வந்தது. ‘காகிதம்’ வேறு வழியாக வந்த சொல். பாரசீகத்தின் ‘காகஸ்’ அதன் உறவு. அதற்கும் முன்பே, சமர்கண்டைச் சுற்றி வாழ்ந்த சோக்தியர் ஏறக்குறைய இதே பெயரைச் சொல்லித்தான் காகிதத்தை அழைத்தார்கள். இரண்டு சொற்களையும் பிடித்துக்கொண்டு நடந்தால் காகிதம் வந்த பாதை தெரிந்துவிடும்.

பாதை தொடங்குவது சீனத்தில். அங்கே மூங்கில் பட்டைகளிலும் பட்டுத் துணியிலும் எழுதிவந்தார்கள். மூங்கில் கனம், பட்டு விலை அதிகம். ஹான் அரசவையில் பணிபுரிந்த சாய் லுன் என்ற அதிகாரி, மரப்பட்டை, சணல் துணுக்கு, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கொண்டு தாள் செய்யும் முறையைக் கி.பி. 105இல் பேரரசரிடம் தெரிவித்தார் என்கிறது சீன வரலாற்று நூல். ஆனால் 1986இல் கான்சு மாகாணத்தின் ஃபாங்மாதான் கல்லறை ஒன்றில், வரைபடக் கோடுகளுடன் ஒரு காகிதத் துண்டு கிடைத்தது. அது கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆகவே காகிதம் சாய் லுனுக்கு மூத்தது. வீணாகிப் போகும் பொருள்களிலிருந்து நல்ல தாள் எடுக்கும் முறையைச் சீர்ப்படுத்திப் பரப்பியதே அவருடைய பெருமை.

இந்த வித்தையின் உயிர்நாடியைப் புரிந்துகொள்ளப் பனையோலையை நினைத்துக்கொள்ளலாம். ஓலையை வேகவைத்துப் பதப்படுத்திச் சுவடி ஆக்கினாலும் அது இலைதான். எகிப்தியரின் பாப்பிரசும் ஒரு செடியின் தண்டை மெல்லிய பட்டைகளாகச் சீவி ஒட்டியதுதான். காகிதத்தில் மூலப்பொருள் முற்றிலும் உருக்குலைந்துவிடுகிறது. பட்டையையோ கந்தலையோ ஊறவைத்து, வேகவைத்து, நார் நாராகப் பிரியும்வரை இடிக்கிறார்கள். இடிபட இடிபட நாரின் மேற்பரப்பில் நுண்ணிய இழைகள் சிலிர்த்து எழுகின்றன. அந்தக் கூழைத் தொட்டி நிறையத் தண்ணீரில் கரைத்து, சட்டம் கட்டிய சல்லடையை உள்ளே முக்கிச் சமமாகத் தூக்கினால் தண்ணீர் வடிந்து மெல்லிய நார்ப்படலம் தங்கும்.

படலம் உலரும்போதுதான் அதிசயம் நடக்கிறது. வெளியேறும் தண்ணீர் நார்களை ஒன்றோடொன்று நெருக்கி இழுக்கிறது. நாரில் உள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. பசை எதுவும் சேர்க்காமலே தாள் ஒட்டிக்கொள்கிறது. செல்லுலோஸ் எல்லாத் தாவரங்களிலும் உண்டு என்பதால், இந்த வித்தை எந்த ஒரு செடிக்கும் கட்டுப்பட்டதல்ல. எந்த ஊரில் எந்த நார் கிடைக்கிறதோ அதைக் கொண்டே செய்யலாம். காகிதத் தொழில் பாலைவனங்களைக் கடந்தும் பிழைத்ததற்கு இதுவே காரணம்.

முதலில் பயணம் போனது காகிதம். தொழில் பின்னால் போனது. 1907இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன், வடமேற்குச் சீனத்தின் தூன்ஹுவாங் அருகே பாழடைந்த காவல் கோபுரம் ஒன்றில் சோக்தியக் கடிதங்களைக் கண்டெடுத்தார். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகிதத்தில் எழுதப்பட்டவை அவை. அவற்றில் இரண்டு, கணவனால் தூன்ஹுவாங்கில் கைவிடப்பட்ட மிவ்னாய் என்ற பெண் எழுதியவை. ஒன்றில் தாயிடம் தன் வறுமையைச் சொல்கிறாள். மற்றொன்றில் கணவன்மேல் சீறுகிறாள். போய்ச் சேராத அந்தக் கடிதங்கள், சோக்தியப் பட்டு வணிகர்கள் அன்றே காகிதத்தைக் கையாண்டதற்குச் சாட்சியாகிவிட்டன.

751இல் தலாஸ் ஆற்றங்கரைப் போரில் பிடிபட்ட சீனக் கைதிகளே சமர்கண்டுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அரபு நூல்கள் சொல்லும். அதற்கு நெடுங்காலம் முன்பே அந்த வட்டாரத்துச் சோக்தியர் காகிதத்தை அறிந்திருந்தார்கள் என்பதற்கு மிவ்னாயின் கடிதங்களே சான்று. எப்படியாயினும் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாக்தாதில் காகிதப் பட்டறை வந்துவிட்டது. சீனத்தின் மரப்பட்டைக்குப் பதிலாக இங்கே கந்தல் துணி; மை ஊறாமல் இருக்க மாவுப்பசைப் பூச்சு. அரசாங்கத்துக்குக் காகிதம் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. தோலில் எழுதியதைச் சுரண்டி மாற்றிவிடலாம். காகிதத்தில் மை ஊன்றிவிடுவதால் சுரண்டினால் காட்டிக்கொடுத்துவிடும்.

வட ஆப்பிரிக்கா வழியாகத் தொழில் ஸ்பெயினைத் தொட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஷாதிவா நகரத்துக் காகிதத்தைப் புவியியலாளர் அல் இத்ரீசி புகழ்ந்து எழுதினார். ஆனால் ஐரோப்பா உடனே நம்பிவிடவில்லை. 1231இல் இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசர் தம் சிசிலி அரசில் பொது ஆவணங்களைத் தோலில்தான் எழுதவேண்டும் என்று ஆணையிட்டார். காகிதம் நிலைக்காது என்பது அவர் கவலை.

அந்தக் கவலைக்கு விடை இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரில் பிறந்தது. 13ஆம் நூற்றாண்டில் அங்கே ஆற்றுநீர் சுழற்றும் சக்கரம் கந்தலை இடிக்கும் சம்மட்டிகளை இயக்கியது. மாவுப்பசையின் இடத்தில் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம் வந்தது. தாள் உறுதியாகி நெடுநாள் தாங்கியது. சல்லடைக் கம்பியில் ஒரு சிறு வடிவத்தை வளைத்துத் தைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும் நீர்க்குறியையும் அவ்வூர்க்காரர்களே கண்டுபிடித்தார்கள். 1390இல் உல்மன் ஸ்ட்ரோமர் என்ற வணிகர் இத்தாலியத் தொழிலாளர்களின் துணையோடு நூரன்பெர்க் அருகே ஆலை தொடங்கினார். அறுபது ஆண்டு கழித்து மைன்ஸ் நகரில் அச்சு எழுத்துகள் வந்தபோது, அவற்றுக்குத் தீனி போடக் காகிதம் தயாராக இருந்தது.

அந்த ஐரோப்பிய அச்சுக்கலை போர்ச்சுகீசியரோடு கப்பலேறி இந்தியா வந்தது. 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூல் தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. அச்சு மேற்கிலிருந்து வந்திருந்தது. அது அச்சேறிய காகிதம் சீனத்திலிருந்து இறக்குமதியானது.