எண் கட்டங்களில் ஓடும் டர்போ இன்ஜின்

மரக்காணம் உப்பளத்தில் எல்லாப் பாத்தியிலும் ஒரே நீர் இருப்பதில்லை. கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி போமே. பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் வற்றி, 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கிறது. எந்தப் பாத்தி எந்த அளவில் நிற்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் உப்பளம் வசப்படும். அந்த உப்பளத்தை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடும் டர்போ கார்களுக்குள்ளும் இப்படிப் பாத்தி பிரித்த அட்டவணைகள் இருக்கின்றன. நீருக்குப் பதில் ஒவ்வொன்றிலும் ஓர் எண். அந்த எண்களைப் பார்த்துத்தான் இன்ஜின் ஓடுகிறது. அட்டவணையின் பெயர் 'மேப்'. அதைத் திறந்து படிக்கவும் திருத்தவும் பயன்படுகிற எளிய கருவிகளில் ஒன்று, அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் போடும் அதே எக்செல் தாள்தான்.

டர்போ பழைய கண்டுபிடிப்பு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் புஹி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். புகைபோக்கி வழியே வீணாகும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். சிறிய கார்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள்வரை சுற்றும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம். பெட்ரோல் கூடினால் சக்தி கூடும். அதனால்தான் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜினே ஒரு குடும்பக் காருக்குப் போதுமானதாகிவிட்டது. தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயமல்ல. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013-லும், ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஹூண்டாய் வென்யூ 2019-லும், ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் 2020-லும் இத்தகைய இன்ஜினோடு விற்பனைக்கு வந்தன.

அமுக்கினால் காற்று சூடாகும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மரக்காணத்தில் 35 டிகிரி வெயிலில் உள்ளே இழுக்கும் காற்றை டர்போ 1.8 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், அது ஏறத்தாழ 115 டிகிரி சூட்டோடு வெளிவரும். இன்டர்கூலர் அதில் பெரும்பகுதியைத் தணித்தாலும் முழுவதையும் தணிக்காது. காற்றின் சூடு அளவு மீறினால், பொறி பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவி முடிப்பதற்குள் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். கடுமையாக நீடித்தால் பிஸ்டனே உடையும்.

கடற்கரைக் காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. 35 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், காற்றில் ஏறத்தாழ 4 சதவீத இடத்தை நீராவி பிடித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும், சக்தியும் சற்றுக் குறையும். ஆனால் அதே நீராவி நாக்கிங்கைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆக, ஒரே சாலையில் ஒரே காருக்குக் காலை வேளையில் பொருந்தும் கணக்கு, நடுப்பகலில் அப்படியே பொருந்தாது. இந்த வேறுபாடுகளையெல்லாம் முன்கூட்டியே அளந்து எழுதி வைத்த பதிவேடுதான் மேப்.

ஒரு மேப்பைத் திறந்து பார்ப்போம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக இன்ஜின் வேகம்: 1000, 1500, 2000 என்று 6500 வரை. மேலே இடமிருந்து வலமாகச் சுமை, அதாவது சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். பற்றவைப்பு மேப் என்றால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும் என்பது அந்த எண். ஒரு மாதிரிக் கணக்கு இதோ. சுமை 140 சதவீதத்தில், 3000 சுற்றுக்கு 12 டிகிரி, 3500 சுற்றுக்கு 14 டிகிரி. சுமை 160 சதவீதத்தில், அதே வேகங்களுக்கு 8, 10. இன்ஜின் இப்போது 3250 சுற்றில், 145 சதவீதச் சுமையில் ஓடுகிறது. இப்படியொரு கட்டமே அட்டவணையில் இல்லை. காரின் கணினி முதலில் வேகத்துக்கு நடுவெடுக்கும்: 13, 9. பிறகு சுமையில் கால்பங்கு தூரம் நகரும்: விடை 12 டிகிரி. இன்ஜின் ஓடும் நேரம் முழுக்க, ஒவ்வொரு பொறிக்கும் இந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. பெட்ரோல் அளவுக்கு ஒரு மேப், டர்போ அழுத்தத்துக்கு ஒன்று, காற்றுச் சூட்டுக்கான திருத்தத்துக்கு ஒன்று என்று இது பெருகி, இன்றைய கார்க் கணினியில் மாற்றத்தக்க எண்கள் பல ஆயிரங்களாகிவிட்டன.

1979 இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு. பெட்ரோல் அளவையும் பற்றவைப்பையும் ஒரே கணினியில் சேர்த்த பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், அந்த ஆண்டில்தான் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள், ஆப்பிள் 2 கணினியில் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். ஒன்றையொன்று அறியாமல் பிறந்த இரண்டும் பின்னாளில் ஒரே மேசையில் சேர்ந்தன. அமெரிக்காவின் புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் 2001-இல் வெளிக்கொண்டுவந்த மெகாஸ்குவிர்ட், சொந்தமாகச் சால்டர் செய்து உருவாக்கிக்கொள்ளக்கூடிய இன்ஜின் கணினி. பெரும்பாலும் கார் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்குள் இருந்த இந்த வேலை, ஆர்வலர் வீட்டு மேசைக்கு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எக்செல் தாள் உண்மையில் என்ன செய்கிறது? கார் ஓடும்போது வேகம், சுமை, காற்றுச் சூடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் எல்லாம் வரிவரியாகப் பதிவாகும். சில நிமிட ஓட்டத்திலேயே ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும். முதல் வேலை களை எடுப்பது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்த நேரத்து வரிகளை நீக்க வேண்டும். சிலிண்டரில் எரிந்த வாயு புகைக்குழாய் சென்சாரை எட்டச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், அந்த வரிசையைத் தாமதத்துக்கு ஏற்ப நகர்த்திப் பொருத்த வேண்டும். பிறகு பிவட் டேபிள் போட்டு, ஒவ்வொரு வரியையும் அதற்குரிய வேகம், சுமைக் கட்டத்தில் கொட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

அடுத்து திருத்தம். பெட்ரோலும் காற்றும் மிகச் சரியாக எரியும் விகிதத்தை லாம்டா 1 என்பார்கள். டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது சூட்டைத் தணிக்கச் சற்றுக் கூடுதல் பெட்ரோல் விட்டு, 0.85 அளவுக்கு வைப்பது வழக்கம். ஒரு கட்டத்தில் இலக்கு 0.85, அளந்தது 0.90 என்றால் அங்கே பெட்ரோல் போதவில்லை. 0.90-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1.059. பழைய எண்ணை இதனால் பெருக்கினால் புதிய எண். ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல். இந்த ஒரு சூத்திரத்தை எல்லாக் கட்டத்துக்கும் இழுத்துவிட எக்செலில் ஒரு நொடி போதும். அந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. இரண்டே இரண்டு வரிகள் விழுந்த கட்டத்தின் சராசரியை நம்பித் திருத்தக் கூடாது. போதிய வரிகள் சேராத கட்டத்தை அப்படியே விட வேண்டும். பெரிய எண்ணுக்குச் சிவப்பு, சிறிய எண்ணுக்கு நீலம் என்று நிறமிட்டுப் பார்த்தால், அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் துருத்தி நிற்கும் எண் கண்ணில் பட்டுவிடும். அது பெரும்பாலும் அளவைப் பிழையாகத்தான் இருக்கும். உப்புக் காற்றில் ஓடும் காரில் இது இன்னும் முக்கியம். அரித்துப்போன ஒரு வயர் இணைப்பு தவறான அளவை அனுப்பினால், தாளில் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் விடை தவறுதான்.

எரிபொருள் மாறினாலும் அட்டவணை மாற வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த அளவு 13.5 கிலோவை ஒட்டி வருகிறது. அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாக விட வேண்டும். ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் இதைப் பெருமளவு தானே சரிசெய்துகொள்ளும். எத்தனால் நாக்கிங்கைத் தடுப்பதால், அதற்கென அளந்து எழுதிய மேப்பில் பொறியைச் சற்று முன்னதாகவே விழச் செய்யலாம். ஒரே மாற்றம் ஒரு மேப்பில் கூடுதல் செலவாகவும் இன்னொன்றில் ஆதாயமாகவும் விழுவதை, இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர் உடனே புரிந்துகொள்வார்.

இந்த வித்தையைப் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணிதம், வெப்பவியல், புள்ளியியல் மூன்றும் இவ்வளவு கைக்கெட்டும் வடிவில் சேர்ந்து கிடைக்கும் பாடங்கள் குறைவு. ஆனால் 'ரீமேப் செய்தால் 30 குதிரைசக்தி கூடும்' என்று யாரோ எழுதிய எண்களை வாங்கித் தன் காரில் ஏற்றுவது கல்வியாகாது. அந்த எண்கள் வேறொரு காரில், வேறொரு பெட்ரோலில், வேறொரு காற்றில் அளந்தவை. உற்பத்தியாளர் குறிப்பிட்ட தன்மையிலிருந்து வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. வாரண்டியும் போகும்.

பழக விரும்புவோர் தங்கள் காரின் ஓட்டப் பதிவை மட்டும் எடுத்து, எதையும் மாற்றாமல், ஓர் எக்செல் தாளில் கட்டம் பிரித்துப் படிக்கத் தொடங்கலாம். திருத்திப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு, காரை நிறுத்திய இடத்திலேயே ஓட்டி சக்தியை அளக்கும் டைனோ மேடை இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. உப்பு லாரிகளும் பள்ளிப் பேருந்துகளும் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சோதனைக்கூடமாக்காதீர்கள். நீங்கள் அளக்காத எண்ணை எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள்.