ஒரே கட்டளையில் நாற்பது பால்மரங்கள்

சோழி உருட்டித் தாயம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு சோழிக்கு இரண்டு முகம். கவிழ்ந்தால் ஒரு கணக்கு, நிமிர்ந்தால் வேறு கணக்கு. இன்று கணினியில் ஆடும் கதையாட்டங்களில், வரைபடத்தின் மேல் நகர்த்தும் காய்க்கு எத்தனை முகம் வேண்டுமானாலும் வைக்கலாம். அந்தக் காய்க்கு டோக்கன் என்று பெயர். மூடிய கதவு திறந்த கதவாகும், அணைந்த விளக்கு எரியும். ஆனால் அந்த முகங்களை ஒருவர் உட்கார்ந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்த பிள்ளைகளைக் கேளுங்கள், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பற்றிச் சொல்வார்கள். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டிய இதை இணையத்துக்குக் கொண்டுவந்தவை மெய்நிகர் மேசைகள். 2012-இல் வந்த ரோல்20, 2020-இல் வந்த ஃபவுண்ட்ரி, இலவசமாகவே கிடைக்கும் மேப்டூல் ஆகியவை அவற்றில் சில.

டிராகன் இல்லாத ஆட்டம்

எங்கள் குழுவில் நான் ஈப்போவில் இருக்கிறேன். ஒரு தோழி ஜொகூர் பாருவில், சித்தப்பா மகன் சிங்கப்பூரில், அக்காள் மகன் கிள்ளானில். அவனுக்கு வயது 12. சனிக்கிழமை இரவானால் நால்வரும் திரையில் கூடுவோம். கதையை நடத்துவது என் வேலை.

எங்கள் வரைபடத்தில் கோட்டையும் இல்லை, டிராகனும் இல்லை. இருப்பது 1950-களின் பேராக் ரப்பர் தோட்டம் ஒன்று. லயம், பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், ஸ்டோர், பால்மர நிரை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்குள் குடும்பம் எவ்வளவு சேர்க்க முடியும் என்பதே ஆட்டம்.

இது கற்பனைக் கதை என்றாலும் மண் நம்முடையது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கும் முயற்சி அது. எங்கள் ஆட்டமும் அந்த ஆண்டை நோக்கித்தான் நகர்கிறது.

120 சொடுக்கு

வரைபடத்தில் 40 மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படம். இருட்டில் நிற்கும் மரம், பட்டை சீவிய மரம், மங்கு நிறைந்த மரம், பாலை வாளியில் ஊற்றிய பின் வெறும் மங்கு, மழைநீர் கலந்து வீணான மங்கு.

பால் மரம் வெட்டுவது விடியும் முன்பே தொடங்கும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். சீவிய பிறகு சில மணி நேரம் சொட்டும். அதற்குள் மழை வந்தால் அன்றைய உழைப்பு தண்ணீரோடு போகும். ஆட்டத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு பகடை உருட்டுவோம். ஒன்று விழுந்தால் மழை.

மழை என்றதும் சேகரிக்காத மரங்களின் படம் எல்லாம் மாற வேண்டும். கையால் மாற்றினால் ஒரு மரத்துக்கு மூன்று சொடுக்கு. நாற்பது மரத்துக்கு 120. வானொலியில் அறிவிப்பாளர் சில வினாடி பேச்சை நிறுத்தினாலே கேட்பவர் நிலையத்தை மாற்றிவிடுவார். இங்கேயோ கதையின் உச்சத்தில் நான் எலியைத் தட்டிக்கொண்டிருப்பேன், மற்ற மூவரும் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

இதற்குத்தான் தானியங்கிக் கட்டளை. ஒவ்வொரு டோக்கனுக்குள்ளும் ஒரு படப் பட்டியல் இருக்கிறது, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் உண்டு. கட்டளை சொல்வதைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்: 'மரம் என்று பெயருள்ள டோக்கன்களை எடு. எதில் மங்கு நிறைந்த படம் இருக்கிறதோ, அதை மட்டும் மழைப் படமாக மாற்று. ஏற்கெனவே பால் எடுத்த மரத்தைத் தொடாதே.' அந்த நிபந்தனைதான் உயிர். முந்தி ஓடிப் பால் எடுத்தவரின் உழைப்பு தப்ப வேண்டும் அல்லவா?

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ரோல்20-இல் இந்த நிரல் வசதி கட்டணச் சந்தாவில் கிடைக்கும். அங்கே பட எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, படத்தின் முகவரியையும் நிரல் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தப் படம் நம் கணக்கில் நாமே ஏற்றியதாக இருக்க வேண்டும். ஃபவுண்ட்ரியில் கதை நடத்துபவர் ஒருமுறை பணம் கட்டி வாங்கினால் போதும், மற்றவர்கள் உலாவி வழியே சேரலாம். இரண்டிலும் நிரல் எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில். பள்ளியில் கணினி படிக்கும் பிள்ளைக்கு இது நல்ல முதல் பயிற்சி.

கையில் விட்ட முகம்

எல்லாவற்றையும் நிரலிடம் கொடுக்கவில்லை. கங்காணியின் டோக்கனுக்கு மூன்று முகம்: சாந்தம், சிரிப்பு, கோபம். அதை இன்றும் நான்தான் மாற்றுகிறேன். பெரட்டில் தாமதமாக வந்தவரிடம் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பது வந்தவர் சொல்லும் பதிலைப் பொறுத்தது. அதைக் கேட்டு முடிவெடுக்க ஆள் வேண்டும்.

கை ஓய்ந்ததில் கிடைத்த நேரம் அம்மாவுக்குப் போனது. அவர் இளவயதில் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி. மங்கு எந்த உயரத்தில் இருக்கும், உளியை எப்படிப் பிடிப்பார்கள் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்லத்தான் படங்களை வரைந்தோம். இப்போது சனிக்கிழமைகளில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

ஒருமுறை பகடையில் ஒன்று விழுந்தது. நாற்பது மரங்களில் 31 ஒரே நொடியில் மழையில் நனைந்தன. அக்காள் மகன் கேட்டான்: "பாட்டி, மழை வந்தா லீவா?"

"லீவுதான்யா. சம்பளமும் லீவு."

அன்று வெகுநேரம் ஆட்டம் நகரவில்லை. மழை நாளில் லயத்தில் என்ன சமைப்பார்கள், கடைக்காரர் கடன் கொடுப்பாரா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். பல ஆண்டுகளாக அதே வீட்டில் இருந்தும் நான் கேட்டிராத விஷயங்கள் அவை.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் இருப்பார். இந்த வார இறுதியில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, லயம் எங்கே, கோயில் எங்கே, கிணறு எங்கே என்று வரையச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அதைப் படமெடுத்து ஏற்றினால் அதுவே உங்கள் முதல் வரைபடம். நிரலை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். தாளை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.