இணைப்பு எங்கே அறுந்தது?

இரவு மணி 7.40. பொங்கோலில் ஒரு நான்கறை வீவக வீடு. உயர்நிலை மூன்றாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி தன் அறையில் கணினியின்முன் அமர்ந்திருக்கிறாள். அறிவியல் குழுவேலையை இரவு 9 மணிக்குள் இணையத்தில் பதிவேற்றவேண்டும். குழுவில் உள்ள மற்ற மூவரும் தங்கள் பகுதிகளை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவற்றைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பு அவளுடையது. ஆனால், திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில விநாடிகள் இணைப்புக் கிடைக்கிறது, உடனே போய்விடுகிறது.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. “ரௌட்டர் பழசாகிவிட்டதும்மா, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்” என்கிறார் அப்பா. “கணினியில் வைரஸ் புகுந்திருக்கும் அக்கா” என்கிறான் தம்பி. அம்மா இணையச் சேவை நிறுவனத்தைக் குறை சொல்கிறார். மூவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால், மூவருமே சோதித்துப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

சமையலறைக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரும் உடனே குழாயைக் கழற்றுவதில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். அங்கும் வராவிட்டால் அண்டை வீட்டாரைக் கேட்பார்கள். அவர்கள் வீட்டிலும் வரவில்லை என்றால், சிக்கல் இந்த வீட்டில் இல்லை என்பது தெரிந்துவிடும். இணைய இணைப்புக்கும் இதே முறை பொருந்தும். அதற்கு முதலில் இணையம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பது தெரிந்திருக்கவேண்டும்.

சிங்கப்பூரில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் ஒளியிழை வழியாக வருகிறது. தலைமுடி அளவே மெல்லிய கண்ணாடி இழையில் தகவல்கள் ஒளியாகப் பயணம் செய்கின்றன. வீட்டுச் சுவரோரம் உள்ள ஒரு சிறு பெட்டி அந்த ஒளியை மின்குறிகளாக மாற்றுகிறது. அங்கிருந்து ஒரு கம்பிவடம் ரௌட்டருக்குச் செல்கிறது. சில வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும். ரௌட்டர் அந்த மின்குறிகளை வானொலி அலைகளாக மாற்றி வீடெங்கும் பரப்புகிறது. கணினியும் கைத்தொலைபேசியும் அவற்றைப் பெறுகின்றன. இந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டுமே வைஃபை என்று பெயர். 1999ஆம் ஆண்டில் விற்பனைக்காகச் சூட்டப்பட்ட அந்தப் பெயர், பலரும் நினைப்பதுபோல் ஒரு நீண்ட சொற்றொடரின் சுருக்கம் அன்று.

வைஃபை வேறு, இணையம் வேறு. இந்த வேறுபாடு புரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கணினி ரௌட்டரோடு நன்றாக இணைந்திருக்கும்போதே ரௌட்டருக்கு இணையம் கிடைக்காமல் போகலாம். அப்போது ‘இணைக்கப்பட்டுள்ளது, ஆனால் இணையம் இல்லை’ என்னும் பொருளில் கணினி ஓர் அறிவிப்பைக் காட்டும். முரண்போலத் தோன்றினாலும் அது சரியான செய்தியே. வீட்டுக்குள் வழி திறந்திருக்கிறது. வாசலுக்கு வெளியேதான் அடைப்பு.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி: சிக்கல் எல்லாச் சாதனங்களிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா? மாணவி தன் கைத்தொலைபேசியைத் திறந்து ஓர் இணையப்பக்கத்துக்குச் செல்கிறாள். பக்கம் உடனே வருகிறது. “பார்த்தீர்களா, கணினியில்தான் கோளாறு” என்று தம்பி துள்ளுகிறான். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வைஃபை சரியாக இல்லாதபோது பல கைத்தொலைபேசிகள் சத்தமின்றிக் கைப்பேசிக் கட்டமைப்பின் இணையத்துக்கு மாறிவிடும். அதை நிறுத்தாமல் செய்யும் சோதனை எதையும் காட்டாது. அவள் அதை நிறுத்திவிட்டு மறுபடியும் பார்க்கிறாள். இப்போது கைத்தொலைபேசியிலும் அதே வட்டம் சுற்றுகிறது.

ஆகவே, கணினிமீது பழியில்லை. ஒருவேளை கைத்தொலைபேசி நன்றாக இயங்கிக் கணினி மட்டும் முரண்டு பிடித்திருந்தால், தேடல் வேறு திசையில் போயிருக்கும். விமானப் பயண நிலை தவறுதலாக இயக்கப்பட்டிருக்கலாம். சில மடிக்கணினிகளில் ஒரே விசையைத் தட்டினால் அது நடந்துவிடும். ரௌட்டரின் மறைச்சொல் மாறியிருந்தும் கணினி பழையதையே நினைவில் வைத்திருக்கலாம். அந்த இணைப்பை நீக்கிவிட்டுப் புதிய மறைச்சொல்லோடு மீண்டும் இணைந்தால் போதும். சற்றும் எதிர்பாராத காரணம் ஒன்றும் உண்டு. கணினியின் தேதி தவறாக இருந்தால், பாதுகாப்பான இணையத்தளங்கள் பல திறக்க மறுக்கும். ஓர் இணையத்தளம் உண்மையானதுதானா என்பதைக் கணினி ஒரு மின்சான்றிதழைக்கொண்டு சரிபார்க்கிறது. அந்தச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. தேதி சில ஆண்டுகள் பின்தங்கிய கணினிக்கு நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தோன்றும்.

எந்தச் சாதனத்திலும் இணையம் வராவிட்டால் ஒளியிழைப் பெட்டியின் விளக்குகளைப் பார்க்கவேண்டும். பல பெட்டிகளில், ஒளி வந்து சேராதபோது ஒரு விளக்கு சிவப்பாக எரியும் அல்லது மின்னும். இழை கூர்மையாக மடிந்தாலே ஒளி குறைந்துவிடும். அலமாரியை நகர்த்தும்போது இழை அதன் பின்னால் நசுங்குவதும் உண்டு. இழையில் மடிப்பு எதுவும் இல்லையென்றால், வெளியே உள்ள தடையை வீட்டில் இருப்பவர்களால் சரிசெய்ய முடியாது. சேவை நிறுவனத்தை அழைப்பதுதான் வழி.

‘அணைத்துவிட்டு மறுபடியும் போடு’ என்பது எல்லாரும் சொல்லும் மருந்து. அது கைகொடுப்பதற்குக் காரணம் உண்டு. ரௌட்டரும் ஒரு சிறு கணினியே. பல வாரங்கள் ஓயாமல் இயங்கும்போது அதன் நினைவகத்தில் பிழைகள் சேரலாம். மின்சாரத்தை நிறுத்திச் சுமார் 30 விநாடிகள் கழித்து இயக்கினால் நினைவகம் துடைக்கப்பட்டு, ரௌட்டர் புதிதாகத் தொடங்கும். முதலில் ஒளியிழைப் பெட்டியையும், அதன் விளக்குகள் நிலைபெற்ற பிறகு ரௌட்டரையும் இயக்குவது நல்லது. ஆனால், ரௌட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவில் உள்ள துளையை விளையாட்டாகக்கூடக் குத்திவிடக்கூடாது. அதனுள் இருக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால், மறைச்சொல் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்துவிடும். அவசரத்தில் அதை அழுத்திவிட்டு, இருந்த சிறு சிக்கலைப் பெரிதாக்கிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

பொங்கோல் வீட்டில் ரௌட்டரை அணைத்துப் போட்டாயிற்று. மாற்றமில்லை. விளக்குகளும் பச்சையாகவே எரிகின்றன. மணி 8.05.

இனி ஊகிக்கத் தேவையில்லை. சாதனத்துக்கும் ரௌட்டருக்கும் இடையே சிக்கலா, ரௌட்டருக்கு அப்பாலா என்பதைப் பிரித்துக்காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ரௌட்டர் ஓர் எண் முகவரியைக் கொடுக்கிறது. ரௌட்டருக்கும் ஒரு முகவரி உண்டு. பல வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். கணினியின் இணைப்பு அமைப்புகளில் அதைக் காணலாம். கணினியின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் கணினி தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் கணினியில் ‘பிங்’ என்னும் கட்டளையை ரௌட்டரின் முகவரியோடு தட்டச்சு செய்தால், கணினி ரௌட்டரிடம் நான்கு முறை ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். நான்குக்கும் உடனே பதில் வந்தால் வைஃபையில் குறையில்லை. சிக்கல் அதற்கு அப்பால்தான். பதில் வராமல் போனால், சிக்கல் பெரும்பாலும் கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையே உள்ள சில மீட்டர்களுக்குள்தான்.

மாணவி சோதித்துப் பார்க்கிறாள். நான்கு கேள்விகளுக்கு ஒரே ஒரு பதில். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்குச் செல்கிறாள். அங்கே மூன்று பதில்கள். வீட்டு வாசலருகே நின்று சோதிக்கிறாள். நான்கு பதில்கள்! சேவை நிறுவனத்தின்மீதும் பழியில்லை. ரௌட்டர் பழசாகிவிட்டது என்பதற்கும் சான்றில்லை. இடம் மாற மாற விடை மாறுகிறது. அப்படியென்றால், இடையில் எதுவோ அலைகளை மறிக்கிறது.

வானொலி அலைகள் மரக்கதவையும் மெல்லிய தடுப்பையும் பெரிய இழப்பில்லாமல் கடந்துவிடும். உலோகம் அவற்றைத் திருப்பி அனுப்பும். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமே. தண்ணீர் அவற்றை உறிஞ்சும். அதனால் பெரிய மீன்தொட்டியின் பின்னால் ரௌட்டரை வைப்பது நல்லதன்று. உருக்குக் கம்பிகள் பதித்த தடித்த கான்கிரீட் சுவரும் மிகக் கடுமையான தடை. சிங்கப்பூரில் 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் அத்தகைய சுவர்கள்கொண்ட ஓர் அறை இருக்கிறது. நெருக்கடிக் காலத்தில் குடும்பத்தைக் காப்பதற்காகக் கட்டப்பட்ட அந்த அறையை மக்கள் ‘பாம் ஷெல்டர்’ என்கிறார்கள். அதன் கதவும் உருக்காலானது. குண்டுச் சிதறல்களைத் தடுக்கும் சுவர், வைஃபை அலைகளையும் எளிதில் விடுவதில்லை. அந்தச் சுவரை இடிக்க அனுமதியும் இல்லை.

அலைகளிலும் வகை உண்டு. பெரும்பாலான ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அதிர்வெண்களில் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால், சுவர்களைக் கடக்கும்போது விரைவில் வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது. ஆனால், சற்றுத் தொலைவு செல்லும். அதில் நெரிசலும் அதிகம். புளூடூத் சாதனங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசியும் சிறிதளவு அலையும் அதே இடத்தில் குறுக்கிடும். அம்மா குழம்பைச் சூடுபடுத்தும் நேரம் பார்த்துத் தம்பியின் இணைய விளையாட்டு தடுமாறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடுக்குமாடிக் கட்டடத்தில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு என எல்லா ரௌட்டர்களும் ஒரே வெளியில் பேசிக்கொண்டிருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. எனவே, அவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

மாணவி இப்போது கேட்ட கேள்வி மிகவும் எளியது. “போன வாரம் நன்றாகத்தானே இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது?” கணினியைப் பற்றி எதுவும் அறியாதவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. ஆனாலும், பெரும்பாலும் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

பதில் பாட்டியிடமிருந்து வருகிறது. சனிக்கிழமை அவருடைய பிறந்தநாளுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, தொலைக்காட்சி மேசைமேல் கம்பிகளோடு கிடந்த கறுப்புப் பெட்டி பார்க்க நன்றாக இல்லையென்று, வாசலை ஒட்டிய பாம் ஷெல்டரின் அலமாரியில் அதைத் தள்ளி வைத்தார்கள். அந்த அறையில் பழைய பாத்திரங்களும் அரிசி மூட்டையும் இருக்கின்றன. ரௌட்டர் இரண்டு எவர்சில்வர் அண்டாக்களுக்குப் பின்னால் இருந்தது. வாசலருகே நின்றபோது திறந்த கதவு வழியாக அலைகள் வந்தன. மாணவியின் அறைக்கோ அவை கான்கிரீட் சுவரைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

அப்பா ரௌட்டரை மீண்டும் தொலைக்காட்சி மேசைக்குக் கொண்டுவருகிறார். தரையில் வைக்காமல், மேல்தட்டில் எதுவும் மறைக்காதபடி வைக்கிறார். மாணவி தன் அறைக்குத் திரும்பிப் பிங் கட்டளையை இடுகிறாள். நான்கு கேள்விகள், நான்கு பதில்கள். 8.35 மணிக்குக் குழுவேலை போய்ச் சேர்கிறது. நண்பர்கள் மூவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பிய பிறகுதான் அவள் சாப்பிட எழுகிறாள்.

அறையின் கோடியில், கட்டிலருகே, 5 கிகாஹெர்ட்ஸ் இன்னமும் வலுவில்லாமல்தான் இருக்கிறது. அங்கே அமரும்போது அவள் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்கிறாள். இணையவழி வாய்மொழிப் பயிற்சி உள்ள நாள்களில், அறைக்கும் ரௌட்டருக்கும் இடையே ஒரு கம்பிவடத்தை இழுத்து மாட்டிக்கொள்கிறாள். அதற்குச் சுவரும் தடையில்லை, நெரிசலும் இல்லை. புதிய ரௌட்டர் வாங்கும் பேச்சை அப்பா எடுப்பதில்லை. அம்மாவுக்கு மட்டும் அந்தக் கறுப்புப் பெட்டி கண்ணை உறுத்துகிறது. அதன் பக்கத்தில் ஒரு பூச்சாடியை வைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றாத காகிதப் பூக்கள்தான்.