ஐப்பசியில் குலு: பழுத்த இலையும் வெந்நீர் ஊற்றும்

உத்தியோக நிமித்தமாகவோ தொழில் நிமித்தமாகவோ தமிழகம் விட்டு வடபுலத்தில் குடியேறி வாழும் நமக்கு, கோடை விடுமுறை பெரும்பாலும் ஊருக்குச் சென்று வருவதிலேயே கழிந்துவிடுகிறது. எஞ்சுவன நவராத்திரியை ஒட்டிப் பள்ளிகள் மூடும் சில நாட்களும், தீபாவளியை ஒட்டி வாய்க்கும் சில நாட்களுமே. இச்சிறு அவகாசத்தில் ஹிமாசலப் பிரதேசத்துக் குலு பள்ளத்தாக்கைக் காணச் செல்லும் குடும்பங்கள் பல. அவற்றுள் சில, பொன்மயமான மரங்களைக் கண்டு களித்துத் திரும்புகின்றன. வேறு சில, பச்சை மரங்களையே பார்த்துவிட்டு வந்து, படத்தில் கண்டதெல்லாம் பொய்யோ என்று ஐயுறுகின்றன. படம் பொய்யன்று. சென்ற வாரமும் தங்கிய உயரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவே.

இலையுதிர்வு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன மாசி, பங்குனி மாதங்கள். வேனில் நெருங்கி நிலத்தில் ஈரம் குறைய, நம் ஊர் மரங்கள் இலை உதிர்த்து, விரைவிலேயே தளிர்க்கின்றன. மலைநாட்டில் இலையுதிர்வுக்குக் காரணம் வறட்சியன்று, குளிர். அது நிகழ்வதும் ஐப்பசி, கார்த்திகையில். அம்மாதங்களுக்குத் தமிழ் இட்ட பெயர் கூதிர் என்பது. 'இலையுதிர் காலம்' என்னும் மொழிபெயர்ப்புச் சொல் பரவியபின் அந்நல்ல சொல் வழக்கில் அருகிவிட்டது.

பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும், மரமானது இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதன் சத்தைக் கிளைகளுக்குள் மீட்டுக்கொள்கிறது. பச்சை விலகவே, முன்பிருந்தே இலையில் மறைந்து கிடந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. காம்பின் அடியில் தக்கை போன்றதொரு படலம் உண்டானபின், சிறு காற்றுக்கும் இலை கழன்று விழுகிறது. செந்நிறம் இத்தகையதன்று, அது அப்பருவத்தில் இலை புதிதாக ஆக்கிக்கொள்ளும் நிறமி. குலுவில் மிகுதியாக உள்ள பாப்ளர், வில்லோ, அக்ரோட்டு மரங்கள் யாவும் மஞ்சளாகவே பழுக்கின்றன. ஜப்பானியப் படங்களில் காணும் செந்தழல் போன்ற காடுகளை எதிர்பார்த்துச் செல்ல வேண்டா. என்றும் பசுமை மாறாத தேவதாரு மரங்களின் கருநிழலில் தனித்து ஒளிரும் பொன் மஞ்சளே இங்குள்ள அழகு.

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். ஆகவே பழுப்பு முதலில் மேலே தோன்றிப் படிப்படியாகப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள லாஹுல் நாட்டுச் சிஸ்ஸு, கேலாங் ஊர்களில் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை மரங்கள் பொன்னிறம் பூண்டிருக்கும். சுமார் 2,000 மீட்டரிலுள்ள மணாலியிலும், அதனினும் சற்றுத் தாழ்ந்த நக்கரிலும் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் முதல் பகுதிவரை பொறுத்திருத்தல் வேண்டும். சில ஆண்டுகளில் இது ஒரு வாரம் முன்பின்னாக அமையும்.

ஆதலின் முதலில் விடுமுறையைப் பார்க்க வேண்டும். பின்னரே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவராத்திரி விடுமுறையில் செல்வோர் மணாலியில் ஓரிரவு தங்கி, உடல் அவ்வுயரத்துக்குப் பழகியபின், மறுநாள் லாஹுலுக்குச் சென்று வரலாம். முன்னர் அங்குச் செல்ல 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. 2020 அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பெற்ற 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை, அதனை எளிய பகற்பயணமாக்கிவிட்டது. தீபாவளியை ஒட்டிச் செல்வோர் அவ்வளவு உயரம் ஏறவேண்டியதில்லை, நக்கரே போதும். ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் தம் இறுதிக்காலத்தில் வாழ்ந்து 1947-இல் மறைந்த இல்லம் அங்குள்ளது. அவர் தீட்டிய மலைகளின் நிறங்கள் மிகையல்ல என்பதை அங்கு நின்று நோக்கினால் உணரலாம்.

இங்கொரு செய்தியை மறத்தலாகாது. ஏனைய இடங்களில் தசரா முடிவுறும் விஜயதசமியன்றுதான் குலுவில் தசரா தொடங்குகிறது. இரகுநாதர் தேரேற, சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து நூற்றுக்கணக்கான தேவதைகள் பல்லக்கில் வந்து ஏழு நாட்கள் தால்பூர் மைதானத்தில் தங்குகின்றன. காணத்தக்க விழாவே. ஆயினும் அவ்வாரத்தில் முன்னேற்பாடின்றிச் சென்றால் தங்க அறை கிடைப்பது அரிது.

வழியைப் பற்றியும் கூற வேண்டும். தில்லியிலிருந்து மணாலி 540 கிலோமீட்டர் அளவில் உள்ளது. 2023 ஜூலையிலும் 2025-ஆம் ஆண்டு மழைக்காலத்திலும் பியாஸ் ஆற்றின் வெள்ளம் இந்நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அரித்துச் சென்றது. செப்டம்பர் இறுதியில் பருவமழை விலகுவதால் அக்டோபரில் வானம் தெளிந்திருக்கும். மலைச்சரிவோ மழையின் தளர்ச்சியிலிருந்து உடனே மீள்வதில்லை. புறப்படுமுன் சாலையின் நிலையை விசாரித்தறிவதும், மண்டிக்கு மேற்பட்ட பாதையைப் பகலிலேயே கடப்பதும் நலம். முதியோரும் குழந்தைகளும் உடன் வருவாராயின் இதில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

இனி வெந்நீர் ஊற்றுக்கு வருவோம். இமயத்தில் எரிமலை ஏதும் இல்லாதிருக்க, நீர் எங்ஙனம் கொதிக்கிறது? மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகளின் வழியே நெடுந்தொலைவு ஆழத்தில் இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் காய்ந்து, வேறொரு பிளவின் வழியே விரைந்து மேலெழுகின்றன. பூந்தரில் பியாஸுடன் கலக்கும் பார்வதி ஆற்றின் கரையோடு 35 கிலோமீட்டர் சென்றால் மணிகரண் வரும். 1,760 மீட்டர் உயரமுள்ள அவ்வூரில் நீரின் கொதிநிலை சுமார் 94 பாகைதான். ஊற்றுக்கள் சில ஏறக்குறைய அவ்வெப்பத்துடனேயே வெளிவருகின்றன. பார்வதி தேவியின் காதணி மணி நீரில் விழுந்து மறைய, சிவபெருமானின் சினத்துக்கு அஞ்சிய ஆதிசேடன் சீறி மணிகளை மேலே உமிழ்ந்தான் என்பது தலபுராணம். சீக்கியர்க்கும் இது குருநானக் வந்துறைந்த தலம். குருத்துவாராவின் அன்னசாலையில் அரிசியும் பருப்பும் ஊற்றிலேயே வேகின்றன. யாத்திரிகரும் அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் இறக்கிச் சோறாக எடுப்பர். பிள்ளைகளை ஊற்றின் அருகே கைவிட்டு நிற்றல் ஆகாது. கொதிநீர் தெளிந்து தோன்றுவதால் அபாயம் கண்ணுக்குப் புலப்படாது.

நீராடுவதற்குக் குளிர்ந்த நீர் கலந்த தொட்டிகள் உள்ளன. மணாலியை அடுத்த வசிஷ்டத்தில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே கற்குளங்கள் உண்டு. ஐப்பசியில் துலா ஸ்நானம் ஆடிய நம் முதியோர், தீபாவளி விடியலில் அங்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்க விரும்புதல் இயல்பே. பொதுக்குளத்தில் எண்ணெயும் சோப்பும் தவிர்த்து, வெளியே உடலைக் கழுவியபின் இறங்குதலே முறை. பத்து நிமிடம் போதும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் இறங்குதல் தகாது. கார்த்திகேயன் தவமிருந்தான் என்று சொல்லப்பெறும் கீர்கங்கையிலும் ஊற்று உண்டு. அதற்கு நெடுந்தூரம் மலையேறி நடக்க வேண்டுமாகையால் அது இளைஞர்க்கே உரியது.

உணவும் பருவத்தைப் பொறுத்ததே. 1870-இல் கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் பந்த்ரோலில் நட்ட தோட்டத்துடன் குலுவில் ஆப்பிள் வேரூன்றிற்று. ஆயினும் ஐப்பசியில் பள்ளத்தாக்கின் ஆப்பிள் அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்போது சந்தைக்கு வருவன புதுச் சிவப்பரிசி, ராஜ்மா, அக்ரோட்டு, மற்றும் அங்குள்ளோர் 'ஜப்பானிப் பழம்' என்றழைக்கும் பெர்சிமன். இப்பழம் சற்றே கெட்டியாயிருப்பினும் நாவைத் துவர்ப்பால் பிடித்திழுக்கும் வகையும் உண்டு. நன்கு குழைந்தபின் உண்பதே நன்று. 'சிட்டூ' என்பது புளிக்கவைத்த கோதுமை மாவினுள் அக்ரோட்டோ கசகசாவோ அரைத்துப் பொதிந்து ஆவியில் அவித்த பண்டம். கொழுக்கட்டைக்கு உறவினது போலும். மேலே நெய் வார்த்துத் தருவர். இதற்கு நேரம் பிடிக்குமாதலால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சைவ உணவினர் தயங்காமல் உண்ணலாம்.

வீட்டுக்குக் கொண்டுவர அக்ரோட்டு ஏற்றது. புதிதாகத் தோல் நீக்கிய கொட்டையில் ஈரம் இருக்கும். தில்லி வந்து சேர்ந்ததும் துணிப்பையிலிருந்து கொட்டி, நான்கைந்து நாள் நிழலில் பரப்பி உலர்த்தியபின் டப்பியில் இட்டால் தை மாதம்வரை கெடாது.