கந்தப்பளைக் குளிருக்கு ரேடியேட்டர் சரிவருமா?

லண்டனில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் வீட்டுப் படங்களில், சுவரோடு ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் வெள்ளைத் தகடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் செங்குத்து ரேடியேட்டர். நான் குழாய் வேலை செய்கிறவன் என்பதால், கந்தப்பளையில் தனி வீடு கட்டுகிறவர்கள் சிலர் அந்தப் படத்தைக் காட்டி, "இதை எங்கள் வீட்டிலும் பூட்டலாமா?" என்று கேட்கிறார்கள். ஜனவரி, பெப்ரவரியில் கொழுந்தின்மேல் உறைபனி படியும் ஊர். கேள்வி நியாயமானதுதான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. கொதிகலனில் சூடான தண்ணீர் ஒரு குழாயால் தகட்டுக்குள் வந்து, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு மறு குழாயால் திரும்பிப் போகும். செங்குத்து மாதிரிகள் பலவற்றில் இரண்டு குழாயும் அடியிலேயே இருக்கும். வெந்நீரை உச்சிவரை ஏற்றுவதற்கு உள்ளே ஒரு தடுப்பு உண்டு. எந்தத் துளை வரவுக்கு என்று பார்க்காமல் மாற்றிப் பூட்டினால் தகட்டின் பெரும்பகுதி குளிர்ந்தே கிடக்கும். உச்சியில் காற்றும் தங்கும். அங்குள்ள சிறு திருகைத் தளர்த்தி, தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்க வேண்டும். தண்ணீரோடு 50 கிலோவைத் தாண்டும் மாதிரிகள் உண்டு. பலகை மறைப்பில் பூட்ட முடியாது.

பூட்டுவது பெரிய வித்தை இல்லை. சூட்டுக்கு எங்கே போவது? லண்டனில் எரிவாயு பெரும்பாலும் குழாயில் வருகிறது. நமக்கு 12.5 கிலோ சிலிண்டர். ஒரு சிறிய வீட்டுக்கு 5 கிலோவாட் வீதம் இரவில் ஆறு மணித்தியாலம் சூடாக்கினால் ஒரு சிலிண்டர் ஐந்து நாளுக்குத் தாங்காது. அந்தச் சூடும் மேலே எழுந்து, சீலிங் இல்லாத தகரக் கூரை வழியாக வெளியே போய்விடும். ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: அந்தக் காசில் முதலில் சீலிங் அடியுங்கள், கதவு ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே நிற்கும் காற்றே ஒரு கம்பளி மாதிரி.

சூட்டை எடுத்துக்கொண்டு புகையை வெளியே விடும் வித்தை மலையகத்துக்குப் புதிதும் அல்ல. தேயிலைத் தொழிற்சாலையின் விறகு உலையில், நெருப்பும் புகையும் இரும்புக் குழாய்களுக்குள் போகும். குழாய்களைச் சுற்றிச் சூடாகும் சுத்தமான காற்றுதான் தேயிலையைக் காயவைக்கும். புகை பட்டால் தேயிலையின் மணம் கெட்டு விலை விழும் என்பதால் இவ்வளவு கவனம். அதே தோட்டத்து லயக் காம்பராக்கள் பலவற்றில், மிலாறு எரியும் அடுப்பின் புகை போக ஒரு புகைபோக்கி இல்லை. தேயிலைக்குக் கிடைத்த காற்று அதைப் பறித்தவருக்குக் கிடைக்கவில்லை.

இதைவிட அச்சமூட்டுவது கரிச்சட்டி. அடுப்பில் மிஞ்சிய தணலைச் சட்டியில் அள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் வைத்துத் தூங்குவது. புகை இல்லையே, ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். தணலிலிருந்து கார்பன் மொனொக்சைட் வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பலத்துடன் இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. குளிரென்று நாம் இடுக்குகளை அடைக்க அடைக்க ஆபத்து கூடும். சீலிங் அடித்து, இடுக்கு அடைத்த வீட்டில் தணலுக்கு இடமே இல்லை. அடுப்படிக்கு மட்டும், இறுக்கமாக மூடாத ஒரு காற்றுவழியும் கூரைக்கு மேலே நீளும் புகைபோக்கியும் வேண்டும்.

வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைப்பது ரேடியேட்டரின் ஏழைத் தம்பி. பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அது போதும். சூடு அதிகமில்லை என்று தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

தணல் வைத்த அறையில் யாருக்காவது தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். விடிந்த பிறகு பார்க்கலாம் என்று மறுபடியும் படுக்க வைக்காதீர்கள்.