பெயிண்ட் ஏன் திரிந்தது?

சிம்லாவுக்கு மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர், பொங்கலுக்குள் கூடத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று நல்ல விலை கொடுத்து இரண்டு டப்பா எமல்ஷன் பெயிண்ட் வாங்கினார். வீட்டுக்குள் இடமில்லை என்று டப்பாக்களைப் பால்கனியில் வைத்தார். இரண்டு நாள் கடும் பனி. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் பெயிண்ட் கட்டியாக உறைந்து கிடந்தது. வெயிலில் வைத்து இளக்கினார். இளகியது, ஆனால் பெயிண்டாக இல்லை. திரிந்த பால் மாதிரி தண்ணீர் தனியாக, கட்டிகள் தனியாக!

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனார் நண்பர். அவரோ டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையைக் காட்டினார்: உறைய விடக் கூடாது. போன காசு போனதுதான்.

“ஐஸ் உருகினால் பழையபடி தண்ணீர்தானே? பெயிண்ட் மட்டும் ஏன் பழையபடி ஆகவில்லை?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

சர்க்கரை தண்ணீரில் கரைவது போல எமல்ஷன் பெயிண்டில் பாலிமர் கரைந்திருக்கவில்லை. அக்ரிலிக் போன்ற பாலிமரின் நுண்ணிய உருண்டைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 100 முதல் 200 நானோமீட்டர் அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் இத்தகைய உருண்டைகளைச் சுமார் 500 வரை வரிசையாக நிறுத்திவிடலாம்.

இவ்வளவு சிறிய உருண்டையை நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால், அது எளிதில் அடியில் படிவதில்லை. 1827-இல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்ட ஆட்டம் இதுதான். 1905-இல் ஐன்ஸ்டைன் இதற்குக் கணக்கு வகுத்துத் தந்தார்.

ஆனால் ஆடுகிறவை மோதவும் செய்யும் அல்லவா? மிக நெருங்கிவிட்டால் வான் டெர் வால்ஸ் விசை என்னும் ஈர்ப்பு அவற்றைப் பிடித்து ஒட்டிவிடும். ஒட்டியவை லேசில் பிரியா. டப்பாவுக்குள் கோடானுகோடி உருண்டைகள் ஒட்டாமல் இருப்பதற்கு இரண்டு காவல்கள் உண்டு.

முதல் காவல் மின்சாரம். தயாரிப்பின்போது சேர்க்கும் சோப்பு போன்ற பொருள்கள் உருண்டைகளின் மேல் படிந்து, எல்லாவற்றுக்கும் ஒரே வகை மின்னூட்டத்தைத் தருகின்றன. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கலுக்கும் அந்த ஈர்ப்புக்கும் நடக்கும் இழுபறியை 1941-இல் ரஷ்ய அறிஞர்கள் டெரியாகினும் லாண்டாவும், 1948-இல் டச்சு அறிஞர்கள் வெர்வேயும் ஓவர்பீக்கும் விளக்கினார்கள். இந்தக் காவலுக்கு ஒரு பலவீனம் உண்டு: நீரில் உப்பு கூடினால் தளர்ந்துவிடும்.

இரண்டாவது காவல் மயிர்க்கால் போன்ற இழைகள். ஒரு முனை உருண்டையில் ஊன்றியிருக்க, மறுமுனை தண்ணீரில் அலையும். நாற்று நட்ட வயல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு உருண்டைகள் நெருங்கினால் இழைகள் நெருக்குண்டு, இடையில் நீர் புகுந்து, இரண்டையும் தள்ளிவிடும். அந்தக் காலத்தில் விளக்குக் கரியில் மை கூட்டியவர்கள் வேலம்பிசினைச் சேர்த்ததும் ஏறக்குறைய இதே உத்திதான்.

இப்போது நண்பரின் பால்கனிக்கு வருவோம். பனிக்கட்டி உருவாகும்போது தண்ணீரை மட்டுமே தன்னுள் சேர்த்துக்கொள்ளும். உருண்டைகளையும் உப்புகளையும் ஒதுக்கித் தள்ளும். எஞ்சிய கொஞ்சத் தண்ணீரில் அவ்வளவு உருண்டைகளும் நெருக்கியடித்து நிற்கும். உப்பும் அங்கேயே செறியும். முதல் காவல் தளரும்; இரண்டாவது காவலும் நெருக்குதலில் தோற்கும். ஒருமுறை ஒட்டிவிட்டால், பனி உருகினாலும் உருண்டைகள் பிரிவதில்லை. நண்பரின் காசு கரைந்த கதை இதுதான்!

இதே கதையைக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் தோட்டங்களில் நாள்தோறும் காணலாம். ரப்பர் பாலும் நீரில் மிதக்கும் பாலிமர் உருண்டைகள்தான். மேலே படிந்த புரதமும் கொழுப்புப் பொருளும் அவற்றைக் காக்கின்றன. பாலைச் சும்மா விட்டால் கிருமிகள் அமிலத்தை உண்டாக்க, மின்னூட்டம் போய், சில மணி நேரத்தில் உறைந்துவிடும். பாலாகவே விற்க வேண்டுமானால் அம்மோனியா சேர்ப்பார்கள். ஷீட்டாக வேண்டுமானால் ஃபார்மிக் அமிலம் விட்டுத் தாங்களே உறைய வைப்பார்கள். நம் வீட்டில் பாலில் எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பதும் இதே வழியில்தான்.

ஆக, காவல் காப்பது மட்டுமல்ல, வேண்டிய நேரத்தில் காவலை நீக்குவதும் தொழிலின் நுணுக்கம். பெயிண்டுக்கு அந்த நேரம், அது சுவரில் ஏறிய பிறகு வருகிறது. தண்ணீர் உலர உலர, மென்மையான உருண்டைகள் நசுங்கி ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகின்றன. பிறகு ஈரத்துணியால் துடைத்தாலும் கரைவதில்லை.

குளிர் மிகுந்த ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் சிலவற்றைக் கவனித்தால் போதும். மிச்சப் பெயிண்டை மூடி இறுக்கி வீட்டுக்குள்ளேயே வையுங்கள். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் கலக்காதீர்கள். நடுங்கும் குளிரில் சுவருக்கு அடிக்காதீர்கள். உருண்டைகள் விறைத்து, படலம் சேராமல் வெடிக்கும்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த இழை நம்மைப் போல இருக்கிறதே!” என்றார். உண்மைதான். ஒரு முனை சொந்த மண்ணில் ஊன்றியிருக்கிறது. மறுமுனை வந்த ஊரின் நீரோடு உறவாடுகிறது. இரண்டில் எது விட்டுப்போனாலும் நிலைக்க முடியாது.