சொட்டாமல் ஊற்ற ஒரு சின்ன வட்டம்

எண்ணெய் பாட்டில் வைத்த இடத்தில் பிசுக்கு வளையம் இல்லாத சமையலறை உண்டோ? என்னதான் பார்த்துப் பார்த்து ஊற்றினாலும் கடைசிச் சொட்டு மட்டும் பாட்டிலின் கழுத்து வழியாக வழிந்து இறங்கிவிடும். அலமாரியில் படிந்தால் துடைத்துக்கொள்ளலாம். தரையில் சொட்டினால்? எங்கள் வீட்டில் 78 வயது மாமியார் இருக்கிறார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால், அவர் குளித்துவிட்டு வந்து உட்காரும் வரை நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் போன தடவை வந்தபோது, வெள்ளிக் காகிதம் போல் ஒரு வட்டத் தகடு கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலந்தான். அங்கே ஒயின் ஊற்றும்போது மேஜைவிரிப்பில் கறை படாமலிருக்க இதைப் பாட்டில் வாயில் செருகுவார்களாம்.

"ஒயின் சாமானுக்கு நம்ம வீட்ல என்னடி வேலை?" என்றார் மாமியார்.

"நல்லெண்ணெய் பாட்டில்ல போடத்தாம்மா!" என்றாள் அவள்.

தகட்டைக் குழல் போலச் சுருட்டி, பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி நுழைக்க வேண்டும். கையை எடுத்ததும் தானாக விரிந்து கழுத்தோடு ஒட்டி நின்றுவிடும். ஊற்றி நிமிர்த்தினால், கத்தரித்தாற்போல் எண்ணெய் நிற்கிறது!

காரணம் சுலபமானதுதான். கண்ணாடிக்குத் திரவத்தை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு. பாட்டிலின் வாய் தடித்து உருண்டிருப்பதால், வேகம் குறைந்த கடைசிச் சொட்டு அதைச் சுற்றி வளைந்து வெளிப்பக்கம் இறங்கிவிடுகிறது. தகட்டின் ஓரமோ மெல்லியது. வளைந்து திரும்ப இடமில்லாமல் சொட்டு அறுந்துவிடுகிறது. நம் பாலாடையின் கூர்மூக்கும் இப்படித்தான் உதவுகிறது.

அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி டேனியல் பெர்ல்மன், ஒயின் ஊற்றுவதை மெதுவாக ஓடும் படமாகப் பார்த்து ஆராய்ந்தார். பாட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே சுமார் 2 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் ஆழத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருந்தால், சொட்டு அதைத் தாண்டாது என்று 2017-இல் காட்டினார். நிறைந்த பாட்டில்தான் அதிகம் சொட்டும் என்பதையும் அவர் கவனித்தார். (இதற்கு விஞ்ஞானி எதற்கு, என்னைக் கேட்டால் சொல்லமாட்டேனா என்கிறீர்களா?) ஆகவே எண்ணெயைக் கழுத்துவரை நிரப்பாமல், முக்கால் பாட்டிலோடு நிறுத்துங்கள்.

தகடு கிடைக்காவிட்டால் ஹோட்டல் பரிசாரகர்களின் வழி இருக்கிறது. ஊற்றி நிமிர்த்தும்போதே பாட்டிலை லேசாக ஒரு திருகு! சொட்டு விளிம்பைச் சுற்றிப் பரவி, கீழே விழாமல் நின்றுவிடும். பால் ஜாடியானால் மூக்கின் அடியில் துளி வெண்ணெய் தடவலாம். எண்ணெய்க்கு அந்த வித்தை பலிக்காது.

காய்ந்த எண்ணெயைத் தகட்டின் வழியாக ஊற்றவே கூடாது. கையில் அகப்பட்ட பிளாஸ்டிக்கை வெட்டியும் செருக வேண்டாம்; உணவுப் பொருளுக்கு ஏற்றது என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். நான் வெள்ளிக்கிழமை காலையிலேயே அதை முடித்துவிடுவேன்.